தலையாட்டச் சொல்லிக் கொடுத்தேன்

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஒரு பெண்ணை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு கண் லேசாகச் சாய்ந்து பார்க்கிறதா, ஜன்னலுக்கு இடப்பக்கம் உட்கார வை. தெத்துப்பல்லா, வந்தவர்கள் பலகாரத்தில் கை வைத்த பிறகு கூப்பிடு. வாயில் லட்டு இருக்கிறவன் அடுத்தவர் வாயைப் பார்க்கமாட்டான். கால் கொஞ்சம் இழுக்கிறதா, அவர்கள் வருவதற்கு முன்பே உட்கார வைத்துவிடு, போன பிறகு எழுப்பு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் இப்படி முடித்து வைத்த கல்யாணங்கள் கொஞ்சநஞ்சமல்ல. என் வீட்டுக்காரர் ரயிலில் கார்டு. "இவ கையில குடுத்தா கழுதைக்கும் மாப்பிள்ளை கிடைச்சிடும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருந்த என்னை மிஸ்ஸியம்மா தன் வேலைக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டதற்கும் இந்த வாய்தான் காரணம். அவர் வெள்ளைக்காரப் பெண்மணி. திருச்சிப் பக்கம் ஒரு பண்டிதரிடம் தமிழ் படித்துவிட்டுக் கோலாலம்பூருக்கு வந்தவர். ரயில்வே லைனுக்குப் பின்னால் ஒரு நீளமான பலகைக் கட்டடத்தில், கண் தெரியாத, காது கேளாத, கை கால் இழந்த இளவட்டங்களுக்குப் பிரம்பு பின்னவும் தைக்கவும் புத்தகம் கட்டவும் சொல்லிக் கொடுத்தார். கற்றுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தால் போதாது, ஒவ்வொருவரும் வெளியே ஒரு கடையில், ஒரு பட்டறையில் மற்றவர்களைப் போல வேலை பார்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்கு அவர்களோடு உட்கார்ந்து பேசி, எது ஒத்துவரும் என்று பார்த்து, முதலாளிகளிடம் அழைத்துப் போய், பிறகும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களுக்கும் பயிற்சி வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வேலை கேட்டுத் தருவதற்குப் பயிற்சியா? நாங்கள் பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்கிறோம்?

சில மாதங்கள் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். அவருடைய தமிழ் அச்சடித்த புத்தகம் மாதிரி இருக்கும். "நீ அவனிடத்தில் வினவினாயா?" என்பார். "கேட்டேன் மிஸ்ஸி" என்றால், "அவன் விடை தருமளவும் காத்திருந்தாயா?" என்பார். நான் எங்கே காத்திருந்தேன்? எதிரில் இருக்கிறவர் இரண்டு மூச்சுக்குள் பதில் சொல்லாவிட்டால் அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிற ஜாதி. அதைவிட எனக்கு ஒத்துவராதது இன்னொன்று. முதலாளி முன்னால் குறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அதையும் அந்தப் பிள்ளையே தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார். வேலையில் சேர்த்த பிறகு போய்ப் பார்க்கும்போதும் முதலாளியிடம் போகக்கூடாதாம். பிள்ளையைத்தான் முதலில், தனியாகப் பார்க்க வேண்டுமாம். இதெல்லாம் துரைசானிகள் ஊரில் நடக்கும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு "சரி மிஸ்ஸி, சரி மிஸ்ஸி" என்று தலையாட்டினேன். தலையாட்டுவதில் நானும் லேசுப்பட்டவள் இல்லை.

ஒரு வருஷ விடுப்பில் அவர் தன் ஊருக்குக் கப்பலேறினார். போகும்போது மூன்று பேரை என் பொறுப்பில் விட்டார். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்த ஒருவர், இரண்டு பெண்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் பிரம்புச் சுருள்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களுக்கு நான் வகுப்பு எடுக்க வேண்டும். மிஸ்ஸியம்மா நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் இரண்டு வாரம் அந்த நோட்டைப் பார்த்துத்தான் நடத்தினேன், பொய் சொல்லக்கூடாது.

மூன்றாவது வாரம் ஒரு நாடகம் போட்டோம். நான் தவுக்கே, அதாவது கடை முதலாளி. டிரஸ்ஸர் கால் ஊனமான பையன். அவர் நல்ல மனுஷர், என்னைவிட நாலைந்து வயது இளையவர், எதையும் யோசித்து யோசித்துப் பேசுவார். நோட்டில் இருந்தபடியே ஆரம்பித்தார்.

"மொதலாளி, எனக்கு வலது கால் வெளங்காது. உக்காந்து செய்யிற வேலை எதுவா இருந்தாலும் செய்வேன்."

நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டினேன். பெண்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். "பாத்தீங்களா? கதவு சாத்தியாச்சு. இப்ப வெளிய நின்னு என்ன பண்ணுவீங்க?" என்றேன். அன்றோடு நோட்டை மூடி வைத்தேன். என் வித்தைகளைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். எங்கே உட்கார வைப்பது, எப்போது அழைத்துப் போவது, எந்தக் கேள்விக்கு நாமே முந்திக்கொண்டு பதில் சொல்வது, எல்லாம் பெண் பார்க்கும் படலம்தான்.

டிரஸ்ஸர் மட்டும் கையைத் தூக்கினார். "அக்கா, கல்யாணம்னா தாலி ஏறிட்டா முடிஞ்சது. அப்புறம் தெரிஞ்சாலும் விட முடியாது. வேலை அப்படி இல்லையே. மறுநாளும் பாப்பாங்க, அதுக்கு மறுநாளும் பாப்பாங்க."

"மறுநாள் வேலையைப் பாப்பாங்க, காலையா பாப்பாங்க? சும்மா குறுக்கப் பேசாதீங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் அதன் பிறகு கேட்கவில்லை. நான் சத்தம் போட்டதும் அடங்கிப்போன மனிதர்கள் என் வாழ்க்கையில் நிறைய. அவர்களில் பாதிப் பேர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பது இப்போது தெரிகிறது.

அந்தச் சமயத்தில்தான் அவன் வந்தான். பத்தொன்பது வயது. பந்திங் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. அதற்குள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் படித்திருந்தான். மிச்சத்தைத் தானே படித்துக்கொண்டான். சாமான் சுற்றி வருகிற பத்திரிகைத் துண்டைக்கூட விடமாட்டான். எதிரில் நிற்கிறவர் உதட்டைப் பார்த்து முக்கால்வாசி புரிந்துகொள்வான். பேச்சு வரும், குரல் மட்டும் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டமாக இருக்கும்.

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷங்கள் அவை. தோட்டங்களில் பால் வெட்டை நிறுத்தி ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத அவனுக்கு ஒரே அண்ணன். அந்த அண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளோடு போகிற பட்டியலில் இருந்தான். "இவனுக்கு இங்க ஒரு வேலை அமைஞ்சா இருக்கட்டும் டீச்சர். இல்லேன்னா கூட்டிட்டுப் போயிடுவேன், தனியா விட முடியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். அது நியாயம்தான். ஆனால் தம்பிக்காரன் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. "அங்க எனக்கு யார் வாயும் பழக்கமில்ல" என்றான் என்னிடம். உதட்டைப் பார்த்து வாழ்கிறவனுக்கு ஒவ்வொரு வாயும் புதிதாகப் படிக்க வேண்டிய எழுத்து என்பதை அன்று அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவனுக்கு இங்கேயே இருக்க வேண்டும், அச்சுக்கூடத்தில் வேலை பார்க்க வேண்டும். எழுத்தின் மேல் அப்படி ஒரு ஆசை.

கிள்ளானில் ஒரு தமிழர் வைத்திருந்த சின்ன அச்சுக்கூடத்தில் அச்சுக் கோக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். முதல் நாளே விசாரித்து வைத்தேன். அங்கே எண்ணெய் எஞ்சின் வைத்து மிஷின் ஓட்டுகிறார்கள், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில்தான் நிறுத்துவார்கள் என்று தெரிந்தது. அந்த நேரமாகப் பார்த்துப் போகத் தீர்மானித்தேன். அமைதியாக இருக்கும், முதலாளி எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவார், இவன் உதட்டைப் பிடித்துக்கொள்வான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவனுக்கு ஒரு ஜாடையும் சொல்லிக் கொடுத்தேன். முதலாளிக்குப் பக்கத்தில் நான் உட்காருவேன். அவர் சொன்னது புரியாவிட்டால் என் கையைப் பார். நான் முந்தானையைத் தொட்டால், ஆமாம் என்று தலையாட்டு. தொடாவிட்டால் சிரித்துக்கொண்டு பேசாமல் இரு. வேலைக்கூடத்தில் பத்துத் தடவை பழக்கினேன். டிரஸ்ஸரை முதலாளியாக உட்கார வைத்து, மற்ற இரண்டு பேரையும் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னேன்.

ரயிலில் போகும்போது அவன் என் தோளைத் தொட்டான். "டீச்சர், நானே சொல்லிடவா? காது கேக்காதுன்னு. மிஸ்ஸியம்மா இருந்தா அப்படித்தான் சொல்லச் சொல்வாங்களாமே. வேண்டாம்னா வேண்டாம்னு போயிடலாம்."

நான் அவன் முகத்துக்கு நேராக வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். "கப்பல்ல போணுமா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. முதலாளி நடுத்தர வயதுக்காரர், வெற்றிலை போடாத, தாடி மீசை இல்லாத சுத்தமான முகம். ஆண்டவரே பார்த்து அனுப்பிய முகம் என்று நினைத்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துக் கோக்கச் சொன்னார். பையன் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று, தடவித் தடவி என்றாலும் பிழையில்லாமல் கோத்தான். முதலாளி நாலு கேள்வி கேட்டார். இரண்டுக்கு அவனே பதில் சொன்னான், ஒன்றுக்கு நான் முந்திக்கொண்டேன், ஒன்றுக்கு முந்தானையைத் தொட்டேன். தலையாட்டினான். "பையன் அதிகம் பேசமாட்டான் போல, நல்லது" என்றார் முதலாளி. திங்கட்கிழமை வரச் சொன்னார். கடைக்குப் பின்னால் மிஷின்காரரோடு தங்கிக்கொள்ளவும் இடம் கொடுத்தார். அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீடு வரைக்கும் நானே பாடிக்கொண்டு வந்தேன்.

வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்து வர டிரஸ்ஸரை அனுப்பினேன். முதலாளியிடம் நல்லது கெட்டது கேட்டுவிட்டு வந்துவிட வேண்டும், அவனோடு தனியாகப் பேசக்கூடாது, கையைக் கிய்யைக் காட்டிப் பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். மூன்றாவது வாரம் திரும்பி வந்தவர் முகம் சரியில்லை.

"வேலை சுத்தமாம் அக்கா. ஆனா கொஞ்சம் திமிராம். கூப்பிட்டா திரும்பறதில்லையாம். சொவத்தைப் பாத்து உக்காருன்னா மாட்டேங்கிறானாம், வாசலைப் பாத்துதான் நிப்பானாம். பேசினா வாயையே மொறைச்சுப் பாக்கறானாம். எனக்கு என்னமோ அவனை வெளிய கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசணும்னு இருந்துச்சு. நீங்க சொன்னீங்களேன்னு வந்துட்டேன்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "திமிருன்னு சொல்றார்னா காது நல்லா கேக்குதுன்னு நம்புறார்னு அர்த்தம். விடுங்க" என்றேன்.

ஆறாவது வாரம் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். திமிர் பிடித்த ஆள் வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையாம், பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் தோட்டத்துக்குப் போய்விட்டான். நான் அவனுக்குச் சொல்லி வைத்தபடி ரகசியத்தைக் கடைசி வரைக்கும் காப்பாற்றியிருக்கிறான். எனக்கோ கோபம் வந்தது, அதுவும் அவன் மேல். எவ்வளவு பாடுபட்டுச் சேர்த்துவிட்டேன், கொஞ்சம் பணிவாக இருந்து தொலைத்தால் என்ன என்று ஒன்பது நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரஸ்ஸர் தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் எட்டிப் பார்த்து, "அக்கா, ஒரு தடவை போய்ப் பேசிட்டு வாங்களேன்" என்பார். "அவன் வந்து கேக்கட்டும்" என்பேன். பத்தாம் நாள் காலையில் அவர் வாசலிலேயே நின்று சொன்னார்: "அண்ணன் குடும்பத்துக்கு இன்னிக்குக் கப்பல்."

அப்போதுதான் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு ஓடினேன்.

நான் போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தகரக் கூரை, சின்ன அறை. வாசலில் நின்று "ஐயா" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உள்ளே மிஷின்காரர் ஒரு கையை விரித்துக் காட்டினார். முதலாளி இரண்டு விரலை மடக்கிக் காட்டினார். காகிதம் அடுக்குகிற ஆள் தலையைத் தட்டிக் காட்டிவிட்டு வேறு கட்டை எடுத்தான். ஒருவர் வாயும் அசையவில்லை. அந்த அறை முழுக்கக் கைதான் பேசிக்கொண்டிருந்தது.

முதலாளி என்னைப் பார்த்துவிட்டு வெளியே, கடை முன்னால் இருந்த அஞ்சடிப் பாதைக்கு வந்தார். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "அவனுக்குக் காது கேக்காதுங்க. நான்தான் சொல்ல வேண்டாம்னேன்" என்றேன்.

அவர் விரலில் இருந்த மையை வேட்டி ஓரத்தில் துடைத்தார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கக்கூடாதா டீச்சரம்மா? எஞ்சின் ஓடுறப்போ இங்க யாருக்குக் காது கேக்குது? எம் மிஷின்காரருக்குப் பத்து வருஷமா மந்தம். எஞ்சின் ஓடுறப்போ அந்தப் பையன்தான் எங்க எல்லாரையும்விட ஒசத்தி, நான் கையைத் தூக்குறதுக்குள்ள புரிஞ்சுக்குவான். எஞ்சினை நிறுத்தினா மட்டும் ஏன் திமிர் புடிச்சவனா மாறிடறான்னு எனக்கு வெளங்கவே இல்ல. நான் போட்ட சத்தத்துக்கு ஒரு வார்த்தை சொல்லலையே அவன்."

"இப்ப அனுப்பினா சேத்துக்குவீங்களா?"

"நாளைக்கே வரச் சொல்லுங்க. எழுத்துப் பெட்டியைத் திருப்பிப் போட்டுடலாம், வாசலைப் பாத்து நிக்கட்டும்."

எஞ்சின் நிற்கிற நேரமாகப் பார்த்து அவனை அழைத்துப் போனவள் நான். ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் அவனே உள்ளே நுழைந்து, அந்தக் கைகளைப் பார்த்து, சிரித்துவிட்டுச் சொல்லியிருப்பான்.

மிஸ்ஸியம்மா விடுப்பு முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி ஆறியிருப்பேன். அந்த வருஷத்தில் நாங்கள் நால்வரும் இதே மாதிரி மறைத்துச் சேர்த்துவிட்ட ஒவ்வொரு இடத்துக்கும் அந்தந்தப் பிள்ளையோடு திரும்பிப் போய் உண்மையைச் சொல்லச் சொன்னார். போனோம். சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒரு தையல்கடையில் எங்களை வாசலிலேயே நிறுத்தி அனுப்பினார்கள், பார்வை குறைந்த ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. அவள் என்னோடு பிறகு பேசவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பை டிரஸ்ஸர் எடுத்துக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் பேசாமல் காத்திருப்பார், அந்த நேரத்தில் நான் நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

ஒன்றை மட்டும் நான் மிஸ்ஸியம்மாவிடம் சொல்லவில்லை. துறைமுகத்துக்குப் போவதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது என்று சொல்லியிருந்தேன். அது பொய்.

அன்று அச்சுக்கூடத்திலிருந்து நேராகத் துறைமுகத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கப்பல் ஆற்றின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. ஆட்களைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய படகு கரையை விட்டு அப்போதுதான் விலகியிருந்தது. அண்ணன் பிள்ளைகளில் ஒன்று அவன் மடியில். கரையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்துவிட்டான். நான் பலகை மேடையின் ஓரத்துக்கு ஓடினேன். "வேலை இருக்கு, முதலாளி வரச் சொல்லிட்டாரு, எறங்கிடு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவனுக்குக் கேட்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. வாயை மெதுவாக, பெரிதாக அசைத்துச் சொன்னேன். அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்து பார்த்தான். அந்தத் தூரத்தில் உதடு தெரியவில்லை. இரண்டு கையாலும் வா வா என்றேன். கரையில் நின்ற அத்தனை பேரும் போகிறவர்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தியாகத்தான் தெரிந்திருப்பேன்.

அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்தேன்.

அவன் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, நான் பழக்கிக் கொடுத்தபடியே, ஆமாம் என்று தலையாட்டினான்.